கவுண்டர் மூடிய பிறகு வந்தவர்

மலிவு விலை விமானத்தில் மலிவாக இல்லாத ஒன்று உண்டென்றால் அது அவர்களுடைய சட்டதிட்டம்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டால் காசு, ஜன்னலோரம் கேட்டால் காசு, காலை நீட்ட இடம் கேட்டால் அதற்கும் காசு. வாலில் ஒரு குருவிப் படம் போட்டிருந்ததால் ஜனங்கள் அந்தக் கம்பெனியைச் சிட்டு என்று கூப்பிட்டார்கள். சிட்டுவின் நாலாம் நம்பர் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவளை, அவளோடு வேலை பார்த்தவர்கள் மணிக்கூண்டு என்று கூப்பிட்டார்கள்.

அந்தப் பேர் சும்மா வரவில்லை. விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது கவுண்டரை மூட வேண்டும் என்பது கம்பெனி விதி. நொடி பிசகாமல் மூடுகிறவர்களுக்கு ஊழியர் அறைப் பலகையில் மாதாமாதம் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்கள். பதினோரு மாதமாக அது அவளுக்குத்தான். "எங்க மிஸ் இதைவிடப் பெரிய ஸ்டார் தருவாங்க" என்று மூன்றாம் வகுப்புப் படிக்கிற அவள் மகளே சொல்லிவிட்டாள். ஆனால் மனுஷப் பிறவியை என்ன சொல்வது, நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஒட்டுகிறார்கள் என்றால் காகித நட்சத்திரத்துக்கும் உயிரை விடும்.

அன்று காலை ஒன்பது பத்து விமானத்துக்கு டைல்ஸ் ஒட்டுகிற ஒருவர் அவள் முன்னால் வந்து நின்றபோது மணி ஏழு ஐம்பத்தைந்து. நாற்பதைத் தாண்டிய ஆள். நகக்கண்ணில் எல்லாம் வெள்ளை சிமென்ட், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வகை. பையைத் தூக்கித் தராசில் வைத்தார். பதினெட்டு கிலோ காட்டியது. டிக்கெட்டுக்கு அனுமதி பதினைந்துதான்.

"மூணு கிலோ அதிகம் சார். பணம் கட்டணும்."

"கட்டிடறேன் மேடம்" என்று அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

"ரொக்கம் வாங்க மாட்டோம். கார்டு இருக்கா?"

"கார்டுக்கு நான் எங்க போவேன்? உள்ள இருக்கிறது எல்லாம் தொழில் சாமான் மேடம். இது இல்லாம அங்க போய் வெறுங்கையால டைல்ஸ் ஒட்டவா?"

"அப்போ ஓரமா போய் மூணு கிலோவை எடுத்துட்டு வாங்க. பின்னாடி ஆள் நிக்கறாங்க பாருங்க."

அவர் தூணுக்குப் பக்கத்தில் பையைப் பிரித்து உட்கார்ந்தார். ரசமட்டம், கரணைகள், டைல்ஸ் வெட்டுகிற மெஷின், ரப்பர் சுத்தியல், வேலைக்குப் போடுகிற பூட்ஸ். ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே வைத்தார். கடைசியில் பூட்ஸையும் சுத்தியலையும் தரை துடைக்கிற அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மூன்று சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க ஓடிவந்தார். மணி எட்டுப் பன்னிரண்டு. அவள் எட்டுப் பத்துக்கே பொத்தானை அமுக்கியிருந்தாள்.

"கவுண்டர் மூடியாச்சு சார்."

"நீங்கதானே தங்கச்சி ஓரமா போகச் சொன்னீங்க. நான் அப்பவே வந்துட்டேனே."

"சிஸ்டம் மூடிடுச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அது பச்சைப் பொய். சிஸ்டம் தானாக மூடாது. அவள் தன் கடவுச்சொல்லைப் போட்டால் இன்னும் பத்து நிமிஷத்துக்குத் திறக்கும். பைகள் போகும் பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விமானத்தில் பதினான்கு இருக்கை காலி. ஆனால் திறந்தால் ரிப்போர்ட்டில் ஏறும், ஏறினால் பன்னிரண்டாவது நட்சத்திரம் போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கு ஒரு ஸ்டிக்கர்தான் முட்டுக்கட்டை.

அவர் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினார். "வேலை பெர்மிட்டு. இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள நான் அந்த ஊர்ல இறங்கணும். தவறினா இது வெறும் காகிதம். ஒன்றரை வருஷம் அலைஞ்சு வாங்கினது தங்கச்சி. கூட வந்த அஞ்சு பேரும் உள்ள போயிட்டாங்க."

அவளுக்கு இரக்கம் வந்தது. கையைவிட்டு ஒன்றும் போகாத இரக்கம் எல்லோருக்குமே சீக்கிரம் வரும். "கவலைப்படாதீங்க, சாயங்காலம் அஞ்சரைக்கு ஒண்ணு இருக்கு. பைசா வாங்காம அதுல மாத்தித் தர்றேன். ஒன்பதுக்கு இறங்கிடுவீங்க, மூணு மணி நேரம் மிச்சம் இருக்கும்" என்றாள். புதுச் சீட்டை அச்சடித்துக் கொடுத்தாள்.

"நீங்க நல்லா இருக்கணும் தங்கச்சி" என்று கும்பிட்டுவிட்டு அவர் எதிர்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சட்டைகளைக்கூடக் கழற்றவில்லை.

பகல் ஒரு மணிக்கு அவளுடைய மாமியார் போன் செய்தார். "டிவியில உங்க குருவியைக் காட்டிக்கிட்டே இருக்கான். நல்லதுக்கா கெட்டதுக்கா?"

கம்பெனி மூழ்கிய செய்தி கம்பெனி ஊழியருக்கு வந்து சேர்ந்த வழி இதுதான். வாடகை கொடுக்காததால் வெளியூரில் இரண்டு விமானங்களைப் பிடித்து வைத்துவிட்டார்களாம், மற்றவற்றுக்கு எண்ணெய் ஊற்ற மாட்டோம் என்றுவிட்டார்களாம். முதலாளி 'தற்காலிக ஓய்வு' என்று அறிக்கை விட்டிருந்தார். அந்த அறிக்கை வெளிவந்த பிறகும் அரை மணி நேரம் அவர்களுடைய இணையதளம் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தது. செத்த பிறகும் கையை நீட்டிக்கொண்டிருந்த ஒரே பிணம் அதுவாகத்தான் இருக்கும்.

அரை மணியில் கூடம் நிறைந்தது. கத்துகிறவர்கள் கத்தினார்கள், அழுகிறவர்கள் அழுதார்கள். பந்தயத்துக்குப் போகவேண்டிய பள்ளிக்கூட வாலிபால் பிள்ளைகள் பந்தைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்தார்கள். முன்கூட்டியே கட்டிய சாப்பாட்டுக் காசு திரும்ப வருமா என்று ஒரு பெரியவர் ஒவ்வொரு கவுண்டராகக் கேட்டுக்கொண்டு போனார். மேனேஜர் பெயர்ப்பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பயணி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

அவளுக்கு உறைத்தது இதெல்லாம் இல்லை. காலை ஒன்பது பத்துக்குக் கிளம்பியதுதான் சிட்டு கடைசியாக இங்கிருந்து பறந்த விமானம். அதில் பதினான்கு இருக்கை சும்மா போயிருக்கிறது. எதிர்வரிசைப் பக்கம் அவள் தலையைத் திருப்பவே இல்லை.

இரண்டரை மணிக்கு மேனேஜர் அவளை ஊழியர் கேன்டீன் வாசலுக்குக் கூப்பிட்டார். "பெரிய கம்பெனியிலேருந்து ஆள் வந்திருக்காங்க. நாலு பேரை இப்பவே எடுத்துக்கறாங்களாம். உன் பேரைத்தான் முதல்ல சொல்லியிருக்கேன். பதினோரு ஸ்டார், ஒரு புகார் கிடையாது. மூணு மணிக்கு உள்ள வா. அதுவரைக்கும் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்காதே. தப்பு நம்ம மேலன்னு உன் ஸ்டாஃப் நம்பர் போட்டு ஒரு தாள் வெளிய போச்சுன்னா முடிஞ்சது கதை."

அவள் தலையாட்டினாள். வீட்டில் கணவன் இடுப்பு எலும்பு நழுவி நாலு மாதமாகப் படுக்கையில் இருந்தான். உலை வைக்கிற சம்பளம் அவளுடையது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது டைல்ஸ்காரர் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேற கம்பெனியில எல்லாம் கேட்டுட்டேன் தங்கச்சி. நாளைக்குக் காலையிலதான் இருக்காம். எங்க ஏஜென்ட் லைன்ல இருக்கார், ஒரு வார்த்தை பேசுங்க."

ஏஜென்ட் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னான். "மேடம், கம்பெனி திவாலானதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. காலை பிளைட்டு போயிருக்கு, இவரோட செட்டு அஞ்சு பேர் இறங்கியாச்சு. நீ ஏன் வரலைன்னுதான் கேப்பாங்க. இவர் டயத்துக்கு வந்தாரு, உங்க பக்கம் தப்பால ஏத்தலைன்னு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் வேணும். உங்க பேர், நம்பர், சீல் போட்டு. அதைக் காட்டினா பத்து நாள் நீட்டிப்பு வாங்கிடுவேன். பெர்மிட்டு ஆபீஸ் நாலு மணி வரைக்கும்தான்."

போனை அவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது தங்கச்சி. நடந்ததை அப்படியே எழுதுங்க, போதும். பெரியவளை நர்சிங் சேர்த்திருக்கேன். இதை நம்பித்தான் சேர்த்தேன்."

அவள் கம்ப்யூட்டரில் அவர் பேரைத் தட்டினாள். எட்டுப் பன்னிரண்டு, கவுண்டர் மூடிய பிறகு வந்தார், மாலை விமானத்துக்கு இலவசமாக மாற்றப்பட்டது. அவ்வளவுதான் இருந்தது. ஏழு ஐம்பத்தைந்துக்கு அவர் வந்ததற்குச் சாட்சியே கிடையாது. தராசு எடையைக் காட்டும், ஆனால் பைக்குச் சீட்டு ஒட்டாதவரை எதையும் பதிந்து வைக்காது. அந்த நேரம் அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். மணி இரண்டு ஐம்பது ஆகியிருந்தது.

கம்பெனித் தாளை எடுத்தாள். கம்ப்யூட்டரில் இருப்பதை இங்கிலீஷில் எழுதினாள். இந்தப் பயணி கவுண்டர் மூடிய பிறகு, எட்டுப் பன்னிரண்டுக்கு வந்தார். விதிப்படி அனுமதிக்கப்படவில்லை. கம்பெனி அவருக்கு மாற்று விமானம் கொடுத்து உதவியது. இதில் எது பொய், எல்லாம் பதிவில் இருப்பதுதானே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டு, நம்பர் எழுதி, சீல் குத்தினாள். இந்தத் தாள் யார் கைக்குப் போனாலும் அவளுக்கு ஒரு கெடுதலும் வராது.

"என்ன எழுதியிருக்கீங்கன்னு ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க தங்கச்சி. மனசுக்கு ஒரு தெம்பா இருக்கும்."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். "இந்தப் பயணி ஏழு ஐம்பத்தஞ்சுக்கே கவுண்டருக்கு வந்துட்டாரு. எடை அதிகம்னு நாங்கதான் அவரை ஓரமா அனுப்பினோம். திரும்பி வரும்போது ரெண்டு நிமிஷம் லேட் ஆயிடுச்சு. திறந்து ஏத்தியிருக்கலாம், நாங்க ஏத்தலை. தப்பு அவர் மேல இல்ல, எங்க மேலதான்."

தடுமாறாமல் வாசித்தாள். நடந்ததை நடந்தபடி அன்று அந்தக் கட்டடத்தில் யாராவது சொன்னார்கள் என்றால் அவள் ஒருத்திதான் சொன்னாள், அதுவும் தாளில் இல்லாததை.

டைல்ஸ்காரர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரையும் ஒரே மாதிரி திட்டாதீங்கப்பா. தன் தப்பைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க இந்தப் பொண்ணு. எவன் செய்வான் சொல்லுங்க?" என்றார். இரண்டு மூன்று பேர் அவளை மரியாதையாகப் பார்த்தார்கள்.

தாளைக் கவுண்டர் மேலேயே விரித்து, சுருக்கம் நீவி, போனில் படம் எடுத்தார். சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை எடுத்தார். ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்துவிட்டதா என்று திரையை முகத்தருகே வைத்துப் பார்த்தார்.

"போயிடுச்சு தங்கச்சி. அவர் பதில் போட்டதும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் நான் கிளம்புவேன்" என்று சொல்லிவிட்டு, கவுண்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

கேன்டீன் வாசலிலிருந்து மேனேஜர் கையசைத்தார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாகப் போனாள்.