ஆதாமின் தாய்

மலையாள நாட்டுத் தலைநகரில், தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பின்புறமுள்ள சிறிய பங்குக் கோயிலில் ஞாயிறுதோறும் இரண்டாம் பூசை தமிழில் நடைபெறும். ஓட்டல்களிலும் கட்டட வேலையிலும் இருந்த தெற்கத்தி மக்களே பெரும்பாலும் அதற்கு வருவார்கள். மகளிர் கல்லூரியில் விலங்கியல் கற்பித்துவந்த இன்னாசியம்மாளும் அவருடைய மகள் ஜெசிந்தாவும் அவர்களோடு வருவார்கள். ஜெசிந்தாவுக்கு இருபத்திரண்டு வயது. அவளுடைய அறிவு மூன்று வயதிலேயே நின்றுவிட்டது.

நற்கருணை வாங்குவதற்காக மற்றவர்கள் எழுந்து பீடத்தின் முன்னுள்ள தடுப்புக் கிராதியை நோக்கிச் செல்லும்போது ஜெசிந்தாவும் எழுவாள். உபதேசியார் வறுவேல் அவள் தோளைப் பிடித்து உட்கார வைப்பார். தான் செய்த குற்றம் யாதென்று அறியாத அவள் வாய்விட்டு அழுவாள். முதன்முறை நற்கருணை பெறுவதான புதுநன்மையை அவளுக்குக் கொடுக்கும்படி இன்னாசியம்மாள் மூன்று குருக்களிடம் கேட்டிருந்தார். புத்தி விவரம் வராத பிள்ளைக்கு அது கொடுப்பதற்கில்லை என்று மூவரும் ஒரே விடையைக் கூறினர். நான்காமவரான சூசையடிமை அடிகளாரிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு இன்னாசியம்மாள் சலித்திருந்தார்.

எழுபத்து மூன்றாம் ஆண்டின் ஆடி மாதத்தில், அடிகளாரே அவரைத் தாம் தங்கியிருந்த பள்ளிமேடைக்கு அழைத்தனுப்பினார். அடிகளாருக்கு ஆஸ்துமா, மழைக்காலத்தில் பாதி வாக்கியத்தில் மூச்சுக்காக நிற்பார்.

"டீச்சர், நம்ம பையம்மார் கொஞ்சபேர் சாயங்காலம் கட்சிக்காரங்க ஸ்டடி கிளாசுக்குப் போறாங்க. மனுசன் குரங்கிலிருந்து வந்தான், பின்ன படைச்சவன் எதுக்குன்னு அங்க சொல்லிக் கொடுக்காங்களாம். இங்க வந்து என்கிட்ட கேக்கான். நான் செமினாரியில படிச்சது லத்தீன்."

"நான் என்ன செய்யணும், சாமி?"

"ஒரு உரை எழுதித் தாங்க. சயின்சும் குறையக்கூடாது, விசுவாசமும் குறையக்கூடாது. நீங்களே பேசினாலும் நல்லது."

"எழுதித் தாறேன். எனக்கும் ஒரு காரியம் ஆகணும்."

மகளுக்குப் புதுநன்மை கேட்டார். அடிகளார் நெடுநேரம் இருமினார். பின்னர், ஞானோபதேசத்தின் முதல் கேள்விக்கு மட்டுமாவது பிள்ளை பதில் சொன்னால் பார்க்கலாம் என்றார். உன்னைப் படைத்தவர் யார் என்பதே அக்கேள்வி.

வாசலில் நின்ற வறுவேல் உதவ முன்வந்தார். "அது எளுப்பமாக்கும் டீச்சரம்மா. ஒரு பிஸ்கட்டைக் காட்டி, சர்வேசுரன்னு சொல்லு மக்களேன்னு பத்து நாள் பழக்கினா பிள்ளை சொல்லிப்போடும். எங்க வீட்டுக் கிளி ஸ்தோத்திரம் சொல்லுதே."

"கிளிக்குப் புதுநன்மை கொடுத்தாச்சா, உபதேசியாரே?"

வறுவேல் சிரித்துவிட்டு நகர்ந்தார். இன்னாசியம்மாள் சிரிக்கவில்லை. உணவுக்காக ஒலியெழுப்பும் விலங்குகளைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துபவர் அவர். அத்தகைய ஒலியைப் பதிலென்று குருவின் முன்னிலையில் நிறுத்துவது பொய். அதுவும் மகளை வைத்துச் சொல்லும் பொய். ஆகவே அவர் மகளைப் பழக்கவில்லை.

உரையை ஒழுங்காக எழுதினார். பூமி மிகப் பழையது. உயிர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றாக நெடுங்காலத்தில் வேறுபட்டு வந்தன. மனித உடலும் அவ்வழியே உருவாகியிருக்கக் கூடுமென்று ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை. இருபதாண்டுகளுக்கு முன்பே போப்பாண்டவரின் திருமடலொன்று அதற்கு இடமளித்திருக்கிறது. ஆனால் ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறான். இவ்வளவும் எழுதிய பின்பு, கேட்பவர்களுக்குத் தெளிவாக இருக்கட்டுமென்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்: "அறிவு எங்கே தோன்றியதோ அங்கே ஆன்மா அருளப்பட்டது." அவ்வாக்கியம் அவருக்கு மனநிறைவளித்தது. ஓர் எல்லைக்கோட்டைப் போல அது நேராக இருந்தது.

ஞாயிறு பிற்பகல் பங்கு மண்டபம் நிறைந்தது. ஜெசிந்தாவைத் தனியே விட்டுவர வழியில்லாததால், மேடைக்கருகே ஒரு நாற்காலியில் அமர்த்தி, கையில் ஒரு கைக்குட்டையைக் கொடுத்திருந்தார். அவள் அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். இன்னாசியம்மாள் பேசி முடித்ததும், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த நேசையன் எழுந்தான். ஸ்டடி கிளாசின் முன்வரிசைக்காரன் அவன்.

"டீச்சர், ஒரு சம்சயம். உடம்பு படிப்படியா வந்ததுன்னா, ஆதாமுக்கு ஒரு அம்மை உண்டும், அல்லே?"

"உண்டு."

"அவளுக்கு ஆத்துமா உண்டோ?"

மண்டபத்தில் சிரிப்பெழுந்தது. "ஆதாமின்ற அம்மைக்கு வாலுண்டோன்னு கேளுலே" என்றான் பின்னாலிருந்த ஒருவன்.

அடிகளார் கைகாட்டி அவர்களை அமர்த்தினார். "இதுல குழப்பமொண்ணும் இல்ல. டீச்சர் இப்பத்தானே சொன்னாங்க. அறிவு எங்கயோ, அங்க ஆத்துமா. மகனுக்கு அறிவு வந்தது, ஆண்டவர் ஆத்துமா கொடுத்தார். அவளுக்கு அறிவில்ல. அதனால அவ மிருகம். அவ்வளவுதான்."

இன்னாசியம்மாள் மகளைப் பார்த்தார். ஜெசிந்தா கைக்குட்டையின் ஒரு முனையை வாயில் வைத்திருந்தாள். அடிகளார் கூறியதில் பிழையேதும் இல்லை. இன்னாசியம்மாளே எழுதிய வாக்கியத்திலிருந்து அவர் முறையாகவே முடிவுக்கு வந்திருந்தார். அதே முறையில் இன்னும் ஓரடி வைத்தால் மகளின் நாற்காலியில்தான் போய் நிற்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாகக் குருக்கள் தன் மகளைத் தடுத்த கோட்டைத் தானே, தன் கையால், ஆதிகாலம் வரை நீட்டி வரைந்திருப்பதை அவர் உணர்ந்தார். மனம் கொதிக்கவில்லை. உரைத்தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"சாமி, அந்த வாக்கியம் என்னுடையது. அது தப்பு."

அடிகளார் திரும்பினார்.

"மண்டையோட்டைப் பார்த்து மூளை எவ்வளவு பெரிசுன்னு என்னால சொல்ல முடியும். ஆண்டவர் எந்த இடத்தில குனிஞ்சு ஆன்மா தந்தாருன்னு எலும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. அறிவைச் சோதிக்கலாம், ஆன்மாவைச் சோதிக்க முடியாது. அதனால ஒண்ணுக்குப் பதிலா மற்றதை எழுதிட்டேன். எனக்குச் சௌகரியமா இருந்தது."

"அப்போ அந்த அம்மைக்கு?" என்றான் நேசையன். அவன் குரலில் கேலி குறைந்திருந்தது.

"தெரியாது. அவ அவனைச் சுமந்தா, பால் கொடுத்தா. ஆண்டவர் முதல் ஆன்மாவைத் தந்தப்ப அந்தப் பிள்ளை அவகிட்டத்தான் இருந்தான். அதுக்குமேல எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொன்னா மதியா, டீச்சர்?"

"மதி. அது போதும்."

"அப்படின்னா ஸ்டடி கிளாசில நாங்களும் சொல்லலாமே."

"சொல்லிப் பாரு. உன்னை முன்வரிசையில இருந்து எழுப்பிருவாங்க."

இம்முறை சிரிப்பு நேசையனைச் சுற்றி எழுந்தது. அவனும் சிரித்தபடியே உட்கார்ந்தான். கூட்டம் தேநீருக்குக் கலைந்தது.

பள்ளிமேடையில் அடிகளார் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். "நாலுபேர் முன்னால என் வாயை அடைச்சிட்டீங்களே, டீச்சர்."

"என் வாயைத்தான் முதல்ல அடைச்சேன், சாமி. ஒண்ணு கேக்கணும். ஜெசிந்தாவுக்கு ஆன்மா உண்டா?"

"என்ன கேள்வி இது? ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை."

"அவளுக்கு அறிவு இருக்குன்னு பார்த்தா கொடுத்தாங்க?"

"அது வேற, இது வேற. நற்கருணை என்னதுன்னு தெரிஞ்சு வாங்கணும். சட்டம் நான் எழுதினதில்ல. மெத்ராசனத்தில கேட்டா நான்தான் நிக்கணும்." ஆயரின் இல்லத்தை அவர் அவ்வாறே குறிப்பிடுவார்.

இன்னாசியம்மாள் மறுமொழி கூறவில்லை. கூறுவதற்கு அவரிடம் வாதங்கள் இருந்தன. அவற்றை வரிசைப்படுத்தும் தெம்புதான் இல்லை. அவர் பேசாதிருந்தது அடிகளாருக்கு எந்த வாதத்தையும்விடச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அவர் கண்ணைத் திறந்து, சுவரோரம் நின்றிருந்த ஜெசிந்தாவை அருகே அழைத்தார்.

"பிள்ளே, இங்க வா. உன்னைப் படைச்சது யாரு?"

ஜெசிந்தா அவருடைய வெண்தாடியைப் பார்த்தாள்.

"உன்னை உண்டாக்கினது யாரு மக்களே?"

"அம்மா."

வாசலில் வறுவேல் உச்சுக்கொட்டினார். "நான் அப்பவே சொன்னேன், பிஸ்கட்டு வேணும்னு."

"நீரு போய் மணியடிக்கிற வேலையைப் பாரும்," என்றார் அடிகளார். மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் மூச்சை இழுத்து விட்டார். "ஆதாமைக் கேட்டிருந்தாலும் முதல்ல அதைத்தான் சொல்லியிருப்பான் போல."

இன்னாசியம்மாள் மகளின் கைக்குட்டையை மடித்துக் கொடுத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வெள்ளை உடுப்பு, பவனி ஒண்ணும் வேண்டாம். வியாழக்கிழமை முதல் பூசைக்குக் கூட்டிட்டு வாங்க. ஆளு குறைவா இருக்கும்."

மறைவாகச் செய்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்று ஒரு காலத்தில் அவர் கேட்டிருப்பார். "சரி, சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

வியாழனன்று கோயிலில் சில கிழவிகளும், இரவு வேலை முடித்து வந்த இரண்டு ஓட்டல்காரர்களும் இருந்தனர். எழுந்து நடந்தபோது தன் தோளைப் பிடித்து இருத்த யாரும் வராததை நம்பாமல் ஜெசிந்தா இருமுறை திரும்பிப் பார்த்தாள். கிராதியருகே தாயைப் பார்த்து அவரைப் போலவே முழந்தாளிட்டாள். அடிகளார் அப்பத்தை நாவில் வைத்ததும் வாயைத் திறந்தபடியே வைத்திருந்தாள். மூடவேண்டுமென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பம் நாவின் நுனிக்கு நழுவியது. அடிகளார் அடுத்தவரிடம் செல்லாமல், பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றார்.

இன்னாசியம்மாள் இரண்டு விரல்களால் மகளின் மோவாயை மெல்ல மேலே தள்ளினார்.

"முழுங்கு, மக்களே."

ஜெசிந்தா முகத்தைச் சுளித்தாள். சற்று நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு அவள் தொண்டை அசைந்தது. அடிகளார் அடுத்த கிழவியிடம் நகர்ந்தார்.