இரண்டாவது பிரேக்

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்று மாஸ்டர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். மீதிப் பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருப்பதற்கும் தானே காரணம் என்று சேர்த்துக்கொள்வார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஓட்டுகிறவரின் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்து இருக்கையில் மாஸ்டரின் காலடியில் இன்னொன்று இருக்கும். இருபது வருஷமாக அந்த இரண்டாவது பிரேக்கில் காலை வைத்தே பிழைத்ததில், அவருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தால் மிதிக்கும். லிஃப்ட் இறங்கினால் மிதிக்கும். தூக்கத்திலும் மிதிக்கிறது என்று மனைவி கட்டிலின் அந்தக் கோடிக்குப் போய்ப் பல காலமாகிறது.

அந்த மனைவிக்கும் அவர் ஒரு காலத்தில் சொல்லிக்கொடுக்கத்தான் பார்த்தார். கல்யாணமான புதிது. மூன்றாம் நாள் நாற்சந்தியில் வண்டி நின்றுபோய்விட்டது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. மாஸ்டர் கிளட்ச் பற்றி நீண்ட விளக்கம் ஒன்றை ஆரம்பித்தார். அவள் கதவைத் திறந்து இறங்கி, வீட்டைப் பார்த்து நடந்தாள். மாஸ்டர் வண்டியை அவள் பக்கத்திலேயே மெதுவாக உருட்டி, கண்ணாடியை இறக்கி, விட்ட இடத்திலிருந்து விளக்கத்தைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு அவள் ஸ்டீயரிங்கைத் தொட்டு அவர் பார்த்ததில்லை. மாஸ்டரும் அதை வகுப்பில் சொல்லும் ஜோக்காக மாற்றிக்கொண்டார். ஆயிரம் பேருக்கு வந்த வித்தை தன் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் வரவில்லை என்பார். மாணவர்கள் சிரிப்பார்கள். லைசென்ஸ் வாங்க வேண்டியவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

மகள் பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் அவள்தான் கோல் கீப்பர். இந்த வருஷம் அவள் ஆடிய ஒரு மேட்சைக்கூட மாஸ்டர் பார்த்ததில்லை. மேட்ச் எல்லாம் சனிக்கிழமை. டிரைவிங் ஸ்கூலில் கூட்டம் நெரிவதும் சனிக்கிழமை. அம்மாவும் பெண்ணும் எப்படியோ போய்வந்துவிடுவார்கள். டீம் வேன் இருக்கும் என்று மாஸ்டராக நினைத்துக்கொண்டார், கேட்டதில்லை. அரையிறுதிக்குப் போனதும் ஒருநாள் சாப்பிடும்போது மகள், "இதுக்காவது வருவீங்களாப்பா?" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். மாஸ்டருக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. வருகிறேன் என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். அவர் எதை ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கிறார்?

வருஷம் முழுக்க விட்டதை எல்லாம் ஒரே சனி ஞாயிறில் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார். மேட்ச் நடக்கும் ஊருக்குப் போகிற வழியில் ஒரு தீம் பார்க், தாண்டினால் ஏரிக்கரையில் பேர்போன மீன் கடை, அதற்கப்பால் அணைக்கட்டு, நாலு மணிக்கு மேட்ச். ராத்திரி ஹோட்டல், ஞாயிற்றுக்கிழமை கலங்கரை விளக்கம். மகளை மூன்றரைக்குள் மைதானத்தில் கொண்டுவந்து விட்டால் போதும், டீமோடு வர வேண்டாம் என்று கோச்சிடம் அவரே பேசினார். ஒரு நிமிஷம் பிந்தினாலும் மாற்றுக் கீப்பரை நிறுத்திவிடுவேன் என்றார் கோச். தன் தொழிலே வண்டிதான் என்று மாஸ்டர் அவருக்குத் தைரியம் சொன்னார். முதலில் மேட்சை முடிப்போம், மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவி சொன்னது யார் காதிலும் விழவில்லை.

வீட்டுக் காரைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் கொஞ்ச நாளாக அது தண்ணீராகப் பெட்ரோல் குடித்தது. வாரம் முழுக்க ஷெட்டில் சும்மா நிற்கிற வண்டி, திங்கட்கிழமை பார்த்தால் பெட்ரோல் முள் தரையைத் தொடும். மாஸ்டர் மெக்கானிக்கைப் பிடித்து உலுக்கி எடுத்தார். பாவம், அவனும் இரண்டு தடவை எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் டிரைவிங் ஸ்கூல் வண்டியிலேயே கிளம்பினார்கள், தலையில் பெரிய போர்டோடு. வழியெல்லாம் லாரிகள்கூட ஒதுங்கி வழிவிட்டன. அது மரியாதை என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

தீம் பார்க்கில் மகள் எதிலும் ஏற மறுத்துவிட்டாள். மேட்ச் அன்றைக்கு விரலில் ஒரு கீறல் பட்டாலும் போச்சு என்றாள். மனைவி நிழலாக ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வந்தாயிற்று, யாராவது ஒருத்தர் அனுபவிக்க வேண்டாமா என்று மாஸ்டர் தன்னந்தனியாக ரோலர் கோஸ்டரில் ஏறினார். ஸ்டீயரிங் இல்லாத, ஓட்டுநர் இல்லாத, முக்கியமாக பிரேக் இல்லாத வண்டி ஒன்றில் அவர் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உச்சியிலிருந்து கவிழ்ந்ததும் கால் வேலையை ஆரம்பித்துவிட்டது. கீழே வந்தபோது பார்க்கில் எடுத்த போட்டோவைத் திரையில் காட்டினார்கள். எல்லோரும் இரண்டு கையையும் தூக்கிக் கூச்சலிட, நடுவில் ஒரு மனிதர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டி முன் சீட்டை உதைத்துக்கொண்டிருந்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாஸ்டரும் சிரிக்கப் பார்த்தார். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ஒன்றுமில்லை, வெறும் வயிறு என்றார். ஏரிக்கரைக்கு எப்படியோ ஓட்டிக்கொண்டு போய், பொரித்த மீனை இரண்டு தட்டு வாங்கி ஏற்றினார். மனைவி வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். மாஸ்டருக்கு அப்போது கண் சரியாகத் தெரியவில்லை. அணைக்கட்டு வந்ததும், நிற்காமல் நேராக மைதானத்துக்குப் போகலாம் என்று மகள் கெஞ்சினாள். வந்தது வந்தோம், ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று அவர் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே எட்டிப் பார்த்தார். மதகில் தண்ணீர் சுழன்றது. மாஸ்டரும் கூடவே சுழன்றார். சாப்பிட்ட மீன் வெளியே வந்து, முகத்தில் ஈயாடாமல், சோடாக் கடை ஸ்டூலில் அவர் சரிந்து கிடந்தபோது மணி இரண்டே முக்கால். கடைக்கார அம்மா எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டே, இவர் இன்றைக்கு வண்டியைத் தொடக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கீப்பர் ஜெர்சியோடு மகள் எதிரில் நின்றாள். அவள் அழவில்லை, திட்டவில்லை. அவளும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதோடு சரி. மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆயிரம் பேரை ரோட்டில் ஓட விட்டவனுக்குப் பெற்ற பெண்ணை ஒரு மேட்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துப்பில்லை என்று தன்னையே நொந்துகொண்டார். வாடகைக் காருக்கு எங்கே போவது என்று முனகினார்.

"சாவியக் குடுங்க," என்றாள் மனைவி.

"விளையாடாத."

"நேரமாகுது. குடுங்க."

அவரிடமிருந்து வாங்கவில்லை, சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். சீட்டை முன்னால் தள்ளினாள், கண்ணாடியைத் திருப்பினாள், பெல்ட்டைப் போட்டாள். எதையும் அவள் தேடவில்லை, கை தானாகப் போனது. அது பழகிய கை என்று மாஸ்டருடைய தொழில் கண்ணுக்கு அந்தத் தலைசுற்றலிலும் தெரிந்தது. அதைவிட ஆச்சரியம் மகள். பயமோ பரபரப்போ இல்லாமல் பின் சீட்டில் ஏறி, கையுறையின் வாரைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மாஸ்டர் வழக்கமான இடத்தில், இரண்டாவது பிரேக்குக்கு எதிரே உட்கார்ந்தார். வண்டி அலுங்காமல் கிளம்பி மெயின் ரோட்டில் ஏறியது. முதல் வளைவில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வளைவிலும் குறையில்லை. மூன்றாவதில் எதிரே ஒரு டிராக்டர் தெரிந்தது. அது எங்கோ தூரத்தில், தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மாஸ்டரின் கால் அதைப் பொறுக்கவில்லை. வண்டி கிறீச்சென்று நடு ரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒடித்துத் திரும்ப, அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி ஓட்டிய பெண்ணை ஏக வசனத்தில் திட்டிக்கொண்டே போனான். மகளின் கையுறை ஒன்று முன்னால் வந்து விழுந்தது.

மனைவி வண்டியை ஓரம் கட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

"பின்னாடி போங்க."

"பழக்க தோஷம். இனிமே வைக்க மாட்டேன்."

"உங்க கால் உங்க பேச்சையே கேக்காது. என் பேச்சை எங்க கேக்கப் போகுது? போங்க."

மகள் அதற்குள் இறங்கி முன் கதவைத் திறந்து நின்றாள். தன் சொந்த வண்டியின் பின் சீட்டில் மாஸ்டர் முதன்முதலாக உட்கார்ந்தார். கால் வைக்க அங்கே ஒன்றும் இல்லை. அடக்க முடியாமல், எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அம்மா நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் என்று பதில் வந்தது. அதை அவர் பாலர் பள்ளி என்று ஊரெல்லாம் கேலி பேசி வந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு மகள்தான் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னாள். போன வருஷமே லைசென்ஸ் வாங்கியாயிற்றாம். இந்த வருஷம் எல்லா மேட்சுக்கும் அம்மாதான் ஓட்டிக்கொண்டு போனாளாம், போகிற வழியில் டீம் பெண்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு. மாஸ்டருக்கு ஷெட்டில் நின்றபடியே பெட்ரோல் குடித்த வண்டியின் ரகசியம் அப்போதுதான் உறைத்தது. மெக்கானிக்கிடம் என்ன முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது என்றும் யோசனை ஓடியது.

மூன்றரைக்கு ஒரு நிமிஷம் முன்னால் மைதான வாசலில் நின்றார்கள். மகள் கதவைச் சாத்தக்கூட நிற்காமல் ஓடினாள். இரண்டு வேனுக்கு நடுவில் மிச்சமிருந்த ஒரே சந்தில் மனைவி பின்பக்கமாகவே வண்டியை நுழைத்தாள், ஒரே திருப்பில். மாஸ்டர் குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மனசாட்சியோடு தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

உள்ளே அவளை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோச் கையாட்டினார். தாய்மார்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வண்டியில் தொற்றிக்கொண்டு வரும் மூன்று பெண்களும் ஆன்ட்டி என்று வந்து கட்டிக்கொண்டார்கள். மாஸ்டர் அசடு வழியப் பக்கத்தில் நின்றார். ஒரு அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க அண்ணனா?" என்று விசாரித்தாள். இல்லை என்று மனைவி சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அதனால் மேட்ச் முடியும்வரை அவர் அண்ணனாகவே இருந்தார்.

பந்து மகள் பக்கம் வருவதற்கு முன்பெல்லாம் அவள் கண் ஒரு நொடி அம்மாவைத் தேடி வந்து திரும்பியது. பல சனிக்கிழமைகளின் பழக்கம் அது என்று மாஸ்டருக்குப் புரிந்தது. அவர் வண்டி ஓட்டத் தெரியாதவர்களோடு மல்லுக்கட்டிய நேரத்தில் இங்கே இவ்வளவு நடந்திருக்கிறது. இடைவேளையில், கேட்காமல் இருந்துவிடலாம் என்று எவ்வளவோ பார்த்து, கடைசியில் கேட்டுவிட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மனைவி மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "சொல்லியிருந்தா பக்கத்துல வந்து உக்காந்திருப்பீங்க."

அதில் கோபம் இருந்திருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அவள் சும்மா, வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். மாஸ்டருக்கு அது வலித்தது. வலித்ததைவிட, அது உண்மை என்பதுதான் அதிகம் உறுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், மிதித்திருப்பார், விளக்கியிருப்பார். அவள் மறுபடியும் இறங்கி நடந்திருப்பாள்.

இரண்டாவது பாதியில் எதிர் டீமுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மகள் இடது பக்கம் பாய்ந்து விரல் நுனியால் பந்தைத் தள்ளிவிட்டாள். ஒரு கோலில் ஜெயித்தார்கள். அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம் என்று கோச் அறிவித்தார். மண்ணும் வியர்வையுமாக மகள் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, தோளுக்கு மேலாக அப்பாவைப் பார்த்து, "எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள்.

மாஸ்டருக்கு ஃபுட்பால் தெரியாது. ஆனாலும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றிருக்கலாம், கையை இன்னும் விரித்து வைத்திருக்கலாம் என்று இரண்டு திருத்தம் வாய்வரை வந்து தயாராக நின்றன. அவற்றை மென்று விழுங்கினார்.

"அடுத்த சனிக்கிழமையும் நான் வரலாமா?" என்று கேட்டார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். கேட்ட கேள்வி பெரிய கேள்விதான் என்பதால் மனைவி கொஞ்சம் யோசித்தாள்.

"வாங்க. ஆனா கார்ல இடமில்ல. முன்னாடி இவ, பின்னாடி அந்த மூணு பொண்ணுங்க," என்றாள். "பஸ் இருக்கு. காலையிலயே கிளம்பினீங்கன்னா வந்துடலாம்."

மாஸ்டர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டார்.