நாலாவது பிஸ்டனில் இருந்தது

“நீர் கத்தாதையும், றோட்டைப் பாக்க விடும்—”

“நீங்கள் றோட்டைப் பாத்தது காணும், நான் கேட்டதுக்கு—”

“கண்ணாடி மணிதான். முடிவெடுத்தாச்சு.”

“வால்நட் கோது! மணியைப் போட்டியளெண்டால் கொம்பிரசர் வயரைப் புடுங்கிப்போடுவன்.”

இவற்றில் முதல் இரண்டும் 1992ஆம் ஆண்டு பேசப்பட்டவை, மற்ற இரண்டும் போன ஆவணியில். நாலையும் பேசியவர்கள் அதே இருவர்தான்: பெண்டில்ஹில்லில் இருக்கும் வரதராஜாவும் அவர் மனைவி யோகராணியும். பழைய இரண்டும் கராஜில் ஒரு கார்ப்பரேற்றருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தபடியால், யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று கொஞ்ச நேரம் விளங்காமல் இருந்தது.

கார் 1964ஆம் வருடத்து ஹோல்டன். நாட்டுக்கு வந்த புதிதில் வரதராஜா வாங்கி, ஏழு வருடம் ஓடி, பிறகு கராஜில் போர்த்து வைத்தது. ரயில் பட்டறையில் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்து ஓய்வு பெற்றபின் அதன் என்ஜினைக் கழற்றினார். துண்டுகளில் எண்ணெயும் கரியும் ஏறி இறுகிக் கிடந்தன. சுரண்டினால் உலோகம் கீறுப்படும் என்று, கையுறை பொருத்திய பெட்டி ஒன்று வாங்கி, கொம்பிரசர் காற்றோடு தூளை விசிறியடித்துச் சுத்தம் செய்யத் தொடங்கினார். கரி விடுபட்ட இடத்திலிருந்து பேச்சு வந்தது. அந்த ஏழு வருடம் காருக்குள் பேசியதெல்லாம் கரியோடு படிந்திருந்தது. ஒருக்கால் வெளியே வந்தால் அவ்வளவுதான், திரும்ப வராது.

எதைக் கொண்டு அடிப்பது என்பதில்தான் விஷயம் இருந்தது. மணல் சுவாசப்பையைத் தின்னும் என்று கடைக்காரர் தர மறுத்துவிட்டார். அப்பச்சோடா மெதுவானது. அதில் வந்த பேச்சு பக்கத்து அறையில் யாரோ குசுகுசுத்த மாதிரி இருந்ததே தவிர ஒன்றும் பிடிபடவில்லை. மணல் அளவான கண்ணாடி மணி வெள்ளி போல மினுக்கித் தந்தது, ஆனால் சொற்களை நொறுக்கியது. வால்வு மூடியை அதனால் அடித்தபோது எழுத்துகள் தனித்தனியாக உதிர்ந்து பெட்டியின் அடியில் குவிந்தன. யோகராணி அவற்றைக் கூட்டி அள்ளிக் குப்பை வாளிக்குள் போட்டார். வால்நட் கோதுத் தூள்தான் வசனத்தை மூச்சோடு முழுசாக இறக்கியது. எண்ணெய்த் தட்டிலிருந்து, மகன் அனோஜன் பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரும்வரை அழுத அழுகை இருபத்தைந்து நிமிடம் வந்தது. மெல்பேர்னில் இருக்கும் அனோஜனுக்குப் போனில் கேட்கவிட்டார்கள். “வெரி லவுட், அம்மா” என்று சொல்லி வைத்துவிட்டான். அயலில் ஒருவர் முறையிட, கவுன்சிலிலிருந்து ஒருவர் கருவியோடு வந்து அளந்தார். கொம்பிரசர் சத்தம் அதிகம், பேச்சுச் சத்தம் வரம்புக்குள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

யோகராணிக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு நாளின் பேச்சு. 1993 பங்குனியில், தன் அக்கா இராஜேஸ்வரியின் குடும்பத்தை இங்கே கூப்பிடுவதற்கு ஸ்பொன்சர் போம் நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு பரமட்டா தபாற்கந்தோருக்குக் காரில் போனார். போம் அதே மடியில் திரும்பி வந்தது. பிறகு அனுப்பப்படவேயில்லை. இராஜேஸ்வரி ஏழு தடவை இடம்பெயர்ந்து, கணவரையும் இழந்து, இப்போது கிளிநொச்சியில் தனியாக இருக்கிறார். “இவர்தான் விடேல்லை, அக்கா” என்று யோகராணி அப்போதே சொல்லியிருந்தார். வரதராஜா இல்லையென்று சொல்லவில்லை. முப்பது வருடமாக, லைன் கிடைத்த ஞாயிறுகளில் எல்லாம் பேசும் இராஜேஸ்வரி ஒருநாளும் அவரைப் போனில் கேட்டதில்லை. பின்னால் அவர் இருமினால்கூடக் கதையை நிறுத்திவிடுவார். அந்த நாளின் பேச்சு இன்னும் வந்திருக்கவில்லை; அடிக்க மிஞ்சியிருந்தவை பிஸ்டன்கள்தான்.

“சாட்சியை அழிக்கப் பாக்கிறியள்.”

“மினுக்கம் வேணும் எண்டுறன்.”

“பிஸ்டன் உள்ளுக்க கிடக்கிற சாமான். மினுக்கத்தை ஆர் வந்து பாக்கப்போகினம்?”

“நான் பாப்பன்.”

“மணி ஒண்டு எண்ணெய்த் துவாரத்துக்க தங்கினால் என்ன நடக்கும்? நீங்கள் பிற்றர்தானே, சொல்லுங்கோ.”

ஒரு மணி தங்கினாலும் பெயரிங் எல்லாம் அரைபட்டுப் போகும். நாற்பது வருடம் தொழில் செய்த வரதராஜாவுக்கு அந்த ஒரு விஷயத்தில் பொய் வரவில்லை. “என்ஜின் போயிடும்” என்றார். வால்நட் பையை யோகராணியே பிரித்துக் கொட்டினார்.

முதல் மூன்று பிஸ்டனும் வாடகையையும் மழையையும் பேசின. நாலாவதில் முதலில் இன்டிகேற்றர் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு வரதராஜாவின் இளம் குரல்.

“கந்தோர் வந்திட்டுது. இறங்கும்.”

“திருப்புங்கோ காரை. அக்கா குடும்பத்தோட வந்தால் இந்த ஒரு அறையில எங்க விடுறது? என்ர வேலையும் போய், பிள்ளையையும் வச்சுக்கொண்டு... அடுத்த வருஷம் பாப்பம்.”

“உம்மட அக்கா. பிறகு என்னைச் சொல்லாதையும்.”

“சொல்லமாட்டன். திருப்புங்கோ.”

கரி முடிந்து பிஸ்டன் வெளுத்தது. யோகராணி பொய் சொல்லி வந்தவர் என்று சொல்ல முடியாது. முப்பது வருடம் ஒரேவிதமாகச் சொன்னதில் அவருக்கு அது அப்படியே நடந்ததாகிவிட்டது. வரதராஜா கையுறைக்குள்ளிருந்து கைகளை உருவி, கொம்பிரசரை நிற்பாட்டி, “சோறு ஆறுது” என்றார்.

“ஏனப்பா ஒருக்காலும் சொல்லேல்லை?”

“அக்கா உம்மோட கதைக்காமல் விட்டிருப்பா. உமக்கெண்டு இருக்கிறது அவ ஒராள்தானே.”

என்ஜின் தை மாதம் காரில் திரும்பப் பூட்டப்பட்டது. இப்போது அந்தக் கார் ஞாயிறுகளில் பிளாக்டவுன் வரை ஓடுகிறது; உள்ளே இருக்கும்போது இருவரும் எதையும் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுகிறார்கள். அதெல்லாம் பிறகு. அன்று சோறு மேசையில் ஆறிக்கொண்டிருக்க, யோகராணி கிளிநொச்சிக்குப் போன் எடுத்தார். ஞாயிறு இல்லாத நாளில் போன் வந்ததால் இராஜேஸ்வரி பயந்துபோய், ஆருக்கும் ஏதுமோ என்று கேட்டார்.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையக்கா. அந்தப் போமை அனுப்பவேண்டாமெண்டது இவரில்லை, நான்தான்.”