கைப்பிடி அரிசி

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனி டப்பாவில் போட்டுவைப்பது எங்கள் சபைப் பெண்களின் வழக்கம். சனிக்கிழமை வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவது என் வேலை. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று போதகர் என்னிடம்தான் கேட்பார். அந்த வீட்டுக்கு அரிசி போகும்.

தொண்ணூற்றிரண்டில், என் வீட்டுக்காரர் பொன்னுராஜ் வேலை பார்த்த ராஜபாளையம் மில்லை மூடிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் பொட்டு அரிசி இல்லை. "ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா கிண்ட ஆள் கேக்காவளாம், பாத்துட்டு வாரேன்" என்று அவர் பஸ் ஏறினார். பிள்ளைகள் இரண்டும் வரக்காப்பியைக் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தன. இன்றைக்கு ஒரு வேளைச் சோறு போதும் ஆண்டவரே என்று ஜெபித்துவிட்டு, பையோடு கிளம்பினேன்.

வீட்டுக்கு வீடு பை கனத்தது. எனக்கு அப்படி ஒரு கோபம். சோறு கேட்டவளை ஊரார் அரிசியைச் சுமக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறாரே, இவரெல்லாம் என்ன ஆண்டவர்?

கடைசி வீட்டுக் கருணையம்மாள் அக்கா டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டே, "ஏட்டி செல்லக்கனி, ஒங்க வீட்டு அரிசியப் போட்டாச்சா?" என்றாள்.

"போட்டாச்சுக்கா." கூசாமல் பொய் சொன்னேன்.

ஆலயத்தில் போதகர் வழக்கம்போலக் கேட்டார். "இந்த வாரம் யார் வீட்டுக்கும்மா?"

போன வாரம் அரிசி போன மேலத்தெரு சமுத்திரத்தின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அவருக்கு மகன் பணம் அனுப்பிவிட்டது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பெயரைச் சொன்னால் என் மானம் தப்பும். பிள்ளைகள்தான் பட்டினி. இதே இடத்தில் நின்று எத்தனை வீட்டுப் பெயரைச் சொல்லியிருக்கிறேன்! அவர்களுக்கும் இப்படித்தான் வலித்திருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. காலையில் நான் கேட்டதை ஆண்டவர் முதல் வீட்டிலேயே என் இடுப்பில் ஏற்றிவிட்டார். நான் வாயைத் திறப்பதுதான் பாக்கி.

"எங்க வீட்டுக்குத்தான், ஐயா." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

போதகர் பையை என் பக்கம் நகர்த்தினார்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். புழுங்கலும் பச்சையும் ரேஷனும் கலந்த அரிசி. களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளிக் காலி டப்பாவில் போட்டேன்.

"அதையும் போடும்மா, பசிக்கி" என்றாள் மூத்தவள்.

"அதுல கைய வைக்கப்பிடாது ஏட்டி. போட்டாச்சுன்னு கருணையம்மாள் அக்காகிட்ட அப்பமே சொல்லிட்டேன்."