சத்தமே இல்லாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் இரண்டு ரகம். ஒன்றும் தெரியாதவர்கள், எல்லாம் தெரிந்தவர்கள். முதல் ரகத்தோடு மாரடித்துவிடலாம். என் அக்கா வீட்டுக்காரர் இரண்டாவது ரகம். இருபத்தேழு வருடமாக ஒலிக்கலவை செய்கிறவர். பேச்சு, இசை, கதவு சாத்தும் சத்தம் என எல்லாவற்றையும் அளவாகச் சேர்த்துப் படத்தோடு ஒட்டவைக்கிற வேலை. கம்ப்யூட்டர் பூட்டி விற்பது என் பிழைப்பு. மாமா வீட்டு மிஷின்கள் எல்லாம் என் கை பட்டவை. அதனால் அவற்றுக்கு விழ வேண்டிய திட்டும் எனக்குத்தான்.

இந்த வருடம் திட்டு கூடிப்போனது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர் ஒன்று மாமாவின் கையில் இருந்தது. அனுப்பிய இரண்டு பாகமும் போன வேகத்தில் திரும்பி வந்தன. "காதைக் கிழிக்குது சார், ஊசியால குத்துற மாதிரி இருக்கு" என்றாராம் தயாரிப்பாளர். மூன்றாவது பாகம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். அதுவும் திரும்பினால் தொடரே வேறு ஆளுக்குப் போய்விடும். மாமாவுக்கு அப்போது வேறு வேலை எதுவும் கிடையாது.

"எல்லாம் இந்த மிஷினால வர்ற வினை. சத்தம் மங்கலா வருது மாப்ள, துணி போட்டு மூடின மாதிரி. அதனாலதான் கூர்மையை, அதான் ட்ரெபிளை, ஏத்த வேண்டியிருக்கு" என்றார்.

முதலில் ஸ்பீக்கரை மாற்றினார். மங்கல். மைக்கும் ஹெட்போனும் செருகுகிற ஆடியோ பெட்டியை மாற்றினார். அதுவும் மங்கல். பிறகு மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றினார். வேலை நடுவில் மென்பொருளை மாற்றாதே என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. எனக்கு அதைச் சொன்னதே அவர்தான். சத்தத்தைச் சீர்செய்ய அவர் வைத்திருந்த பழைய வடிகட்டிகளில் பாதி புதுப் பதிப்பில் திறக்கவே மறுத்தன. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. பழையபடி ஆக்கிக் கொடுக்க எனக்கு இரண்டு நாள் தண்டம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றேன். என் வாய் அப்படி.

அக்கா முறைத்தாள். மாமா சிரித்தார். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? நீ ஸ்க்ரூ முடுக்குறவன். காதைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

கடைசியில் மிஷினையே மாற்றுவதென்று முடிவாயிற்று. ஒரு பட்டியலோடு கடைக்கு வந்தார். முதல் வரியிலேயே பெரிய கிராஃபிக்ஸ் கார்டு.

"இது எதுக்கு மாமா? சத்தத்தைக் கண்ணால பாக்கப் போறீங்களா?"

"இருக்கட்டுமேன்னு..."

"ஒண்ணும் இருக்க வேணாம்."

அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டேன். எண்பது ஒலி ட்ராக் ஒன்றாகத் திக்காமல் ஓட நல்ல ப்ராசஸர், தாராளமாக மெமரி, வேகமான டிஸ்க் இரண்டு, மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "மிஷின்லேர்ந்து சத்தமே வரக் கூடாது. என் ரூம்ல எறும்பு நடந்தாலும் எனக்குக் கேக்கும்."

புதன்கிழமைக்குள் எல்லாம் வந்துவிட்டது, பவர் சப்ளை மட்டும் வரவில்லை. கடை அலமாரியில் கிடந்த ஒன்றை எடுத்துப் பூட்டினேன். ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. வெளியே லாரி, உள்ளே ஏசி உறுமல். அந்த இரைச்சலில் நான் எதைக் கேட்டேன், எதைக் கண்டேன்?

வியாழக்கிழமை காலை மாமாவின் அறையில் கொண்டுபோய் வைத்தேன். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டிய அறை. கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்குத் தொந்தரவு. ஸ்பீக்கரை இணைக்காமல், வேகத்தைப் பார்ப்பதற்காக மூன்றாவது பாகத்தைத் திறந்து ஓடவிட்டேன். பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் மெல்லிசாகக் கிளம்பியது. வேலைப்பளு ஏறினால் சில பவர் சப்ளைகள் இப்படித்தான் கத்தும். எனக்கு மானம் போயிற்று. வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத் திரும்பினேன்.

மாமா கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அடேயப்பா. இதுதான் மாப்ள மிஷின். ஒரு சத்தம் இல்லையே!"

நக்கல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் முகத்தில் நக்கல் இல்லை. நிம்மதிதான் இருந்தது.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வந்தவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "என்னடா இது, காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்பீக்கர் மங்கல், ஆடியோ பெட்டி மங்கல், தொட்டதெல்லாம் மங்கல். தனக்குக் கேட்காத கூர்மையை மனுஷன் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். இருபத்தேழு வருடம் ஹெட்போன் மாட்டிய காது. இது தெரியாமல் நான் வேறு கேலி பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

"எங்க கொசு?" என்றார் மாமா.

"மிஷின்லேர்ந்து வருதுங்க" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்துபோய் மேசைக்கடியில் மண்டிபோட்டு, பெட்டியின்மேல் வலது காதை வைத்தார். பிறகு இடது காதை வைத்தார்.

"எங்க? இந்தப் பக்கமா?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டி ஓட்டத்தை நிறுத்தினேன். கீச்சு நின்றது. அக்கா காதிலிருந்து கைகளை எடுத்தாள். மாமா கீழேயிருந்து அந்தக் கைகளைப் பார்த்தார்.

"நின்னுடுச்சா?"

"ம்" என்றாள் அக்கா.

மாமா மறுபடி பெட்டியில் காதை வைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "மறுபடி போடு மாப்ள" என்றார்.

போட்டேன். அறை முழுக்கக் கீச்சிட்டது. அக்கா இந்த முறை காதைப் பொத்தவில்லை.

பெட்டியில் காதை வைத்தபடியே மாமா கேட்டார்.

"போட்டுட்டியா?"