கூட்டமில்லாத வியாழக்கிழமை

சாய்ந்தமருது சுல்பிகா நோன்பு தொடங்கிய வாரமே நாள் பார்க்கத் தொடங்கிவிட்டாள். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவர்கள்கூட அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். அவள் பார்த்ததோ மகியங்கனைப் பக்கம் இருக்கிற ஒரு நீர்ப் பூங்காவுக்குப் போக.

மகள் அப்னாவுக்கு எட்டு வயது. ஆள்கூட்டமும் சத்தமும் அவளுக்கு ஆகாது. கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து சிரித்தாலே காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்துவிடுவாள். டொக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். ஊர் வேறு பெயர்கள் சொன்னது. ஊரைச் சுல்பிகா இன்னும் மன்னிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குத்தான் அந்தப் பூங்காவின் நீலச் சறுக்கில் போக அப்படி ஓர் ஆசை. போனில் வீடியோவைப் பார்ப்பதும் சோபாவின் கைப்பிடியில் ஏறிச் சறுக்குவதுமாக இருப்பாள். போன வருஷம் ஏப்ரல் விடுமுறையில் கூட்டிப் போனார்கள். வாசலில் நின்ற வரிசையைக் கண்டதும் அவள் அலறிய அலறலில் டிக்கட் எடுக்காமலே திரும்ப வேண்டியதாயிற்று. ஊர் வந்து சேரும்வரை "நீலம், நீலம்" என்று அழுதாள். அந்த அழுகை சுல்பிகாவின் மனதில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. ஒரேயொரு தரமாவது அவளை அதில் விட்டுவிட வேண்டும்.

நம் நாட்டில் பள்ளிக்கூட விடுமுறை ஒரே சீராகவா வருகிறது? நோன்புக்கு முஸ்லிம் பாடசாலைகளை மூடுவார்கள், மற்றவை நடக்கும். அந்த இடுக்கில்தான் சுல்பிகா கண் வைத்தாள். நோன்பில் போக முடியாது. பெருநாளன்று ஊரைவிட்டு அசைய முடியாது, மறுநாள் சொந்தக்காரர் வீடுகள். வெள்ளி ஜும்ஆத் தொழுகை. சனி, ஞாயிறில் சிங்களப் பிள்ளைகள் வந்து குவிவார்கள். திங்கள் நம் பள்ளிக்கூடம் திறந்துவிடும். பெருநாள் செவ்வாயில் வந்தால் மிஞ்சுவது வியாழன் ஒன்றே ஒன்று. பிறையும் அவள் பக்கம் நின்று செவ்வாயிலேயே பெருநாளைக் கொண்டுவந்தது.

"ஆக்களே இரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டான் கணவன் இன்ஸாப். கல்முனை பஸாரில் புடவைக்கடை வைத்திருப்பவன், நோன்பு மாதம் முழுக்கக் கடையே கதியென்று கிடந்தவன்.

"ஒரு குஞ்சும் இரிக்காது. ஆருக்கிட்டயும் மூச்சு விட்டுராதீங்க. தெரிஞ்சா பின்னாலயே வந்துருவாங்க."

பெருநாளன்று வட்டிலப்பம் கொண்டுவந்த அடுத்த வீட்டுப் பாஹிமா, "வியாழன் எங்கயும் பயணமா புள்ள?" என்று கேட்டாள்.

"எங்க ராத்தா, வீட்டோடதான்."

"நாங்களும் வீட்டோடதான்" என்றாள் பாஹிமா.

வியாழன் விடியலில் சுபஹ் தொழுததும் வேனில் புறப்பட்டார்கள். அம்பாறை தாண்டி, காடு தாண்டி, பூங்காவின் வாகனத் தரிப்பிடத்துக்குள் திரும்பியதும் சுல்பிகா அங்கே நின்ற வண்டிகளை எண்ணினாள். மருதமுனை வேன், நிந்தவூர் வேன், பாலமுனையிலிருந்து ஒரு பஸ், அக்கரைப்பற்றிலிருந்து ரெண்டு. கல்முனை பஸாரே கிளம்பி வந்து இறங்கியிருந்தது. கிழக்குக் கரையில் கணக்குத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்திருந்தாள். எல்லா வீட்டிலும் ஒரு சுல்பிகா இருந்திருக்கிறாள். எல்லாரும் அதே பெருநாளை, அதே ஜும்ஆவை வைத்து அதே வியாழனைக் கண்டுபிடித்து, ஒருவருக்கும் சொல்லாமல் வந்திருக்கிறார்கள்.

பக்கத்து வேனிலிருந்து புரியாணிச் சட்டியோடு இறங்கியது சாட்சாத் பாஹிமா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கையும் களவுமாகப் பிடிபட்ட இரண்டு பேரில் யார் முதலில் வாய் திறப்பது?

அப்னா சீட்டுக்குக் கீழே இறங்கிக் காதைப் பொத்திக்கொண்டாள். பூங்காவுக்குள் பாட்டு அலறியது, பிள்ளைகள் கத்தினார்கள். இன்ஸாப் போய்ப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பி வந்தான்.

"நீலச் சறுக்குக்கு அடியிலேருந்து உச்சி வரைக்கும் ஆக்கள் நிக்கிறாங்க சுல்பி. திரும்புவமா?"

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். எதற்குப் பொறுக்கச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வேன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். தன் மீதும் ஊர் மீதும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு நாள், ஒரேயொரு நாள் இந்தச் சனம் வீட்டில் கிடந்திருக்கக் கூடாதா?

வெயில் உச்சிக்கு வந்தது. மரத்தடியில் யாரோ ஒருவர் லுஹருக்குப் பாங்கு சொன்னார். பூங்காக்காரர்கள் அதைக் கேட்டுப் பாட்டை நிறுத்தினார்கள். வந்த சனம் முழுவதும் நம் சனம் அல்லவா? ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் தண்ணீரைவிட்டு ஏறி, உடுப்பு மாற்றி, புல்தரைப் பக்கம் போனார்கள். பிரயாணிகள் என்பதால் லுஹரையும் பின்னேரத்து அசரையும் சேர்த்துத் தொழ வரிசை வரிசையாக ஸப்பு கட்டினார்கள். சுல்பிகா கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். நீலச் சறுக்கில் ஒரு ஈ காக்கை இல்லை. தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

"இஞ்சருங்க, எழும்புங்க!"

"நான் தொழுதிட்டு..."

"லுஹருக்கு இன்னும் நேரம் கிடக்கு. நீங்க போய்க் கீழ தண்ணிக்குள்ள நில்லுங்க."

அப்னா காதைப் பொத்தியபடிதான் வேனைவிட்டு இறங்கினாள். சறுக்கின் படியடிக்கு வந்ததும் நின்று, ஒரு கையை எடுத்துப் பார்த்தாள். சத்தமில்லை. மற்றக் கையையும் எடுத்தாள். பிறகு உம்மாவை இழுத்துக்கொண்டு அவளே முன்னால் ஏறினாள். உச்சியில் உட்கார்ந்தவள் அசையவில்லை. சுல்பிகா தள்ளாமல் பின்னால் நின்றாள்.

அப்னா தானாகவே கையை விட்டாள். கீழே போகும் வழியெல்லாம் ஒரு சத்தம் வந்தது. அலறல் என்று சுல்பிகா நடுங்கினாள். அது சிரிப்பு. இன்ஸாப் பிள்ளையைத் தண்ணீருக்குள் வாரி அள்ளினான். அழுதான் என்றுதான் சொல்ல வேண்டும். முகமெல்லாம் தண்ணீராக இருந்ததால் தப்பித்துக்கொண்டான்.

"இன்னொருக்கா!" என்றாள் அப்னா.

இன்னொரு தரம் போனாள். மறுபடியும் போனாள். சுல்பிகா மேலே நின்றபடி புல்தரையைப் பார்த்தபோது தொழுகை முடிந்து சனம் எழும்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சறுக்கை நோக்கி ஓடிவரத் தொடங்கினார்கள். இதோடு முடிந்தது என்று அவள் படியில் இறங்கி அப்னாவிடம் ஓடினாள்.

பாதையின் நடுவில் பாஹிமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"நில்லுங்க எல்லாரும்! மொதல்ல சோறு. அந்தப் புள்ள ஆசை தீரப் போகட்டும், மறுகா நாம போவம். ஆரும் கத்திப்புடாதீங்க, என்ன?"

அவள் குரலுக்கு அடங்காத பிள்ளை அந்தக் கரையில் இல்லை. பாலமுனைக்காரர் ஒருவர் தன் பிள்ளைகளைப் பிடித்துச் சவன் சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார வைத்தார். மருதமுனைப் பெண்கள் பாயை விரித்தார்கள். அத்தனை பேரும் சோற்றில் கை வைத்தபடி, பார்க்காதவர்கள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவரும் கைதட்டவில்லை, எவரும் கூப்பிடவில்லை, பாட்டையும் திரும்பப் போடவில்லை. யாருக்குப் பயந்து சுல்பிகா நாள் தேடினாளோ, அவர்களேதான்.

பாஹிமா கிட்ட வந்தாள். "தொழுதியா புள்ள?"

"இல்ல ராத்தா. ராத்தா, அண்டைக்கு நான்..."

"விடு. நானும் பொய்தானே சொன்ன. போய்த் தொழு, நான் இரிக்கன் தானே."

வீட்டு ஆட்களைத் தவிர வேறு யார் கையிலும் சுல்பிகா அப்னாவை விட்டதில்லை. அன்று இன்ஸாபும் தொழப் போக, பாஹிமாவிடம் விட்டுவிட்டுப் போனாள்.

தொழுது முடித்துக் கையேந்தினாள். வழக்கமாக அவள் கேட்க உட்கார்ந்தால் இலேசில் எழும்ப மாட்டாள். பிள்ளைக்குப் பேச்சு, பிள்ளைக்குப் படிப்பு, தனக்குப் பிறகு பிள்ளைக்கு யார் என்று நீண்டுகொண்டே போகும். இன்று ஒன்றும் வரவில்லை. மரங்களுக்கு அப்பால் அப்னா சிரித்தாள். அவளோடு சேர்ந்து, மெல்லமாக, பாஹிமாவும் சிரிப்பது கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் சுல்பிகா. கையை இறக்காமல் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.