உரிமைக்குப் பங்கமின்றி

பதுளையில் ஒரு தொழிற்சங்கக் காரியாலயத்தில் குணமணி தட்டெழுத்தாளராக வேலை செய்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு மழைக்காலத்தில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கருப்பம்மா அவளைத் தேடி வந்தாள்.

கருப்பம்மாவின் புருஷன் ரெங்கசாமி தண்ணீர்க்குழாயைப் பழுதுபார்க்கும்போது சரிவில் விழுந்து இறந்துபோனான். குடித்துவிட்டு விழுந்தான் என்று தோட்ட நிர்வாகம் அவளுக்குக் கடிதம் எழுதிவிட்டது. அவளும் பிள்ளைகளும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், தாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவிலேயே தொடர்ந்து இருக்கலாம், சம்மதமா என்றும் அதே கடிதத்தில் கேட்டிருந்தது. அவன் சாவைப் பற்றி விசாரணையும் நடக்கவிருந்தது.

“காம்பரா வேணும்மா. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்க போவேன்? ஆனா அவரு குடிக்கல. அத நான் விடமாட்டேன்.”

குணமணி நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் பதில் அடித்தாள். வக்கீல்மாரின் கடிதங்களில் பார்த்த பழக்கத்தில் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’, அதாவது ‘உரிமைக்குப் பங்கமின்றி’, என்று தலைப்பில் போட்டாள்.

“இந்தக் காயிதத்த விசாரணையில காட்டலாந்தானேம்மா?” என்று கேட்டாள் கருப்பம்மா.

குணமணிக்குச் சுருக்கென்றது. தலைப்பில் அப்படிப் போட்டால் கடிதம் முழுவதும் இரு தரப்புக்குள் நடக்கும் சமரசப் பேச்சாகிவிடும். விசாரணையில் அதைக் காட்ட முடியாது.

“பொறுங்கோ அக்கா, பிழையா அடிச்சுப்போட்டன்.”

புதுத் தாளில் அதே சொற்களை வாக்கியத்தின் நடுவே வைத்தாள். ‘என் புருஷன் குடிக்கவில்லை என்று வாதாடும் உரிமைக்குப் பங்கமின்றி, காம்பராவை ஏற்றுக்கொள்கிறேன்.’ தமிழில் அதைச் சொல்லிக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்கினாள்.

விசாரணையில் நிர்வாகத்தின் வக்கீல் எழுந்தார்.

“காம்பராவை ஏற்றபோதே இந்தப் பெண் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டாள்.”

குணமணி கடிதத்தின் பிரதியை நீட்டினாள். விசாரணை அதிகாரி வாசித்தார்.

“இதில் அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே” என்றவர், ரெங்கசாமியோடு வேலை செய்த இராமையாவைக் கூப்பிட்டார்.

“சாராய வாடையே இல்லீங்க. மழைக்கு ஊறிப்போன கல்லு, கால வச்சதும் பேந்துருச்சு” என்றான் இராமையா.

ரெங்கசாமி குடித்திருக்கவில்லை என்று முடிவாயிற்று.

வெளியே வந்ததும் கருப்பம்மா குணமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கெழம லயத்துக்கு வந்து எல்லாரு முன்னாலயும் இதச் சொல்லுவீங்களாம்மா? நான் சொன்னா நம்பமாட்டாங்க.”

குணமணி போனாள். அவளுடைய யாழ்ப்பாணப் பேச்சு சிலருக்கு விளங்கவில்லை. இராமையா அதைத் தங்கள் பேச்சில் உரக்கத் திருப்பிச் சொன்னான். கருப்பம்மா பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்திவைத்திருந்தாள்.